நான் இல்லாமல் திறந்த அரைநிலா

1

போன வாரம் என் தம்பி மனைவி கவிதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. நான் வேலை செய்யும் பள்ளிக்கூட உணவகத்தில், பிள்ளைகள் சாப்பிட்டுப் போட்ட தட்டுகளைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணி, ஞாயித்துக்கெழம நம்ம கடைக்கு மொத வருசம். கேக் வெட்றோம். சாயந்தரம் வீடியோ கால் போடறோம், நீங்க ரெண்டு வார்த்த பேசணும். நல்ல பொடவையா கட்டிக்குங்க. பின்னாடி ஜன்னல்ல பனி தெரியற மாதிரி உக்காருங்க அண்ணி, அப்பத்தான் பிரான்ஸ்னு தெரியும்."

இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இருக்கும் லியோன் பக்கம் இதுவரை பனியே பெய்யவில்லை. மழைதான். அதுவல்ல விஷயம். "நம்ம கடை" என்ற இரண்டு சொற்களைக் கேட்கத்தான் அந்தச் செய்தியை மறுபடி போட்டேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

ஒரகடம் பக்கம் போகிறவர்கள் அந்தக் கடையைப் பார்த்திருக்கலாம். கூட்ரோட்டில், கம்பெனி பஸ்கள் திரும்பும் இடத்தில் இருக்கிறது. பெயர் அரைநிலா. அந்தப் பெயரை வைத்தது நான்.

2

எனக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. என் தோழி அமலிக்கு மண்ணூர். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஸ்ரீபெரும்புதூர் அருகே போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். நான் திருகு போட்டுத் தள்ளுவேன். அவள் திரையைச் சோதித்து அடுத்த ஆளுக்குத் தள்ளுவாள். லைனில் பேசக் கூடாது. அதனால் முகமூடிக்குள்ளேயே, கண் அசையாமல் பேசப் பழகியிருந்தோம். சூபர்வைசர் எங்கள் பின்னாலேயே நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பா இறந்த செய்தி எனக்கு லைனில்தான் வந்தது. ஆள் குறைவு, ஷிப்ட் முடிந்து போ என்றார் சூபர்வைசர். அமலி கையுறையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவ போவட்டும் சார். அவ வேலையும் சேத்து நான் பாக்கறேன். முடியலன்னா என்னையும் நிறுத்திடுங்க."

சொன்னபடி பார்த்தாள். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததைச் சொல்லும்போது அவளைப் பற்றி வாசிப்பவர்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. அல்லது சரியாக நினைக்க வேண்டும். எது என்று எனக்கே இன்னும் தெளியவில்லை.

கேன்டீனில் டீ இடைவேளைக்கு முட்டை பப்ஸ் வைப்பார்கள். அதன் மேல்தோல் உதிர்ந்து நீலச் சீருடையெல்லாம் ஒட்டும். "இத்த நாம போட்டா இன்னும் நல்லா போடுவோம்டி" என்று அமலி ஒருநாள் சொன்னாள். கடைப் பேச்சு அங்கேதான் தொடங்கியது. கண் மங்குவதற்குள் லைனை விட்டு வெளியே வர வேண்டும், கூட்ரோட்டில் ஓர் இடம் பிடிக்க வேண்டும், ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப்போக ஒரு கடை வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

எனக்குப் புதுச்சேரியில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை சேகரின் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. விமான நிலையத்தில் அமலி என் கையை விடவேயில்லை.

"நீ போய் அந்த ஊரு சமாச்சாரத்தல்லாம் கத்துக்கினு வா. நான் எடம் பாத்து வெக்கறேன்."

3

வந்த புதிதில் கடையில் விற்கும் தயார் மாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நம் ஊர் பப்ஸ் போல அடுக்கடுக்காகப் பிரியும் மாவு. மடித்து, தேய்த்து, மறுபடி மடித்துக் கைவலிக்கச் செய்ய வேண்டியதை, வட்டமாகத் தேய்த்து எண்ணெய்த்தாளோடு சுருட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். பிரித்து விரித்தால் போதும். வெண்ணெயில் செய்தது தனி, விலை குறைந்த கொழுப்பில் செய்தது தனி.

மாவுக்கு இவர்கள் மொழியில் 'பாத்'. கடைசியில் கொஞ்சம் நீட்டி 'பாத்தே' என்றுவிட்டால் அரைத்த இறைச்சி. நான் நீட்டிவிட்டேன். கடைப் பையன் அன்பாக என்னை இறைச்சிப் பகுதிக்குக் கூட்டிப்போய் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தான். இது இல்லை என்று சொல்ல எனக்கு மொழி இல்லை. நன்றி சொல்லி, வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டே வந்துவிட்டேன். சேகர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடுத்த வீடுவரை கேட்டிருக்கும்.

சரியான மாவு கைக்கு வந்த பிறகு, உறையின் பின்பக்கப் படங்களைப் பார்த்தே கற்றேன். முதலில் செய்தது ஆப்பிள் வைத்த 'ஷோசோன்'. மாவை வட்டமாக வெட்டி, சர்க்கரையில் குழைய வேகவைத்த ஆப்பிளை நடுவில் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை அழுத்தி, முட்டை பூசி, கத்தி நுனியால் இலை நரம்பு போலக் கீறிச் சூளை அடுப்பில் வைப்பது. மடித்ததும் பார்த்தால் நம் தீபாவளிச் சோமாஸ்! வீட்டில் தனியாக நின்று சிரித்தேன். அமலிக்குப் படம் அனுப்பினேன். "அரைநிலா மாதிரி கீது" என்று பதில் போட்டாள். நம் கடைக்கு அதுதான் பெயர் என்று நான் எழுதினேன்.

பிறகு சர்க்கரை தூவி இரண்டு பக்கமிருந்தும் பாயைப் போல நடுவுக்குச் சுருட்டி, துண்டு போட்டுச் சுடும் 'பால்மியே'. தை மாதத்தில் இவர்கள் வெட்டும் பாதாம் பூரணம் வைத்த பெரிய வட்டப் பணியாரம். என் மகள் இனியாவின் பள்ளியில் பெற்றோர்கள் பலகாரம் விற்கும் நாளில் என் தட்டுதான் முதலில் காலியானது.

அந்தத் தைரியத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு காகிதம் குறைந்தது. கடைசியாக உட்கார்ந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு, தேர்வில் மாவைத் தொடக்கத்திலிருந்து கையால் செய்து காட்ட வேண்டும், எழுத்துத் தேர்வு பிரெஞ்சில்.

"நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள், மதாம்?"

வாங்கிய மாவில் என்றேன்.

"ஓ. அது பொழுதுபோக்கு" என்றார்.

பள்ளி உணவகத்தில் தட்டு கழுவும் வேலையை எழுதிக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை. சான்றிதழ் கேட்காத ஓர் இடம் எனக்கு இருக்கிறது, கூட்ரோட்டில், என்று நினைத்துக்கொண்டேன்.

4

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் அமலிக்கும் ஆனவை. இங்கே மத்தியானம், அங்கே சாயங்காலம். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொள்வேன். அவள் மண்ணூர் வீட்டில் சின்ன மின்சூளை ஒன்று வாங்கியிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் பப்ஸ் போடும் ஒரு பேக்கரிக்காரரிடம் மடித்த மாவை அப்படியே விலைக்குக் கேட்டு வாங்கி வருவாள்.

"ஏலக்கா போட்டா இன்னாடி?" என்பாள்.

"இங்க போட மாட்டாங்க."

"எங்கூர்ல போடுவாங்க."

"எழுதி வெச்சபடி செய் அமலி."

சிரிப்பாள். செய்வாள். வெப்பத்தில் மாவு இளகிவிடுகிறது என்பாள். வெட்டினதும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வை, சூளை நன்றாகச் சூடான பிறகு உள்ளே தள்ளு என்பேன். எனக்குத் தெரிந்தது, நான் கெடுத்துக் கெடுத்துக் கற்றது, ஒன்றையும் மறைக்கவில்லை.

இனியா வளர வளர அந்தச் சமையலறையிலிருந்து விலகிப் போனாள். "வாங்கின மாவுதானே அம்மா, நீ என்ன செஞ்சே அதுல?" என்று ஒருநாள் பிரெஞ்சில் கேட்டாள். தமிழில் கேள் என்றேன். "தமிழ்ல கேட்டா வேற பதிலா வரும்?" என்றாள், அதையும் பிரெஞ்சில்தான்.

போன வருடத் தொடக்கத்தில் அமலியின் கேள்விகள் மாறின. ஒரே தடவை நிறையத் தட்டு உள்ளே வைத்தால் சூடு எவ்வளவு? காலையில் வெட்டி வைத்தால் சாயங்காலம் வரை தாங்குமா? மறுநாள் மொறுமொறுப்பு போகாமல் இருக்க எதில் வைப்பது? எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைக்குத் தயாராகிறாள் என்று நினைத்தேன். சேகரிடம்கூடச் சொன்னேன், இன்னும் ஒரு வருடம், இனியா நடுநிலைப் பள்ளி முடிக்கட்டும், போய்விடலாம் என்று. அவர் வழக்கம்போல "பாக்கலாம்" என்றார்.

"எடம் எதாவது அமைஞ்சிதா?" என்று அமலியைக் கேட்பேன்.

"பாத்துக்கினேதான் கீறேன். ஒண்ணும் சரியா வரல."

அவள் பின்னால் அதே சமையலறைச் சுவர். அதே சின்னச் சூளை.

5

கோடை விடுமுறைக்கு இனியாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். விமான நிலையத்திலிருந்து தாம்பரம், படப்பை வழியாகப் போனால் சேரப்பணஞ்சேரிக்கு ஒரகடம் தாண்ட வேண்டியதில்லை. மண்ணூருக்கு வருகிறேன் என்றபோதெல்லாம் "வெயில்ல நீ அலையாத, நானே வரேன்" என்று அமலி வந்துவிட்டாள். கவிதா பகலெல்லாம் வீட்டில் இல்லை. ஏதோ டெய்லரிங் வகுப்பு என்றாள் அம்மா.

ஒருநாள் செங்கல்பட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். தம்பி வந்து அழைத்துப்போவான், அங்கேயே இரு என்று அம்மா சொல்லியிருந்தாள். அவனுக்கு ஷிப்ட் நீண்டுவிட்டது. ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தோம்.

எதிரில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண். மடியில் துணிப்பை. பையில் பாதி நிலா அச்சடித்திருந்தது. நிலாவின் மேல் இலை நரம்பு போலக் கீறல்கள். நடுவில் ஒன்று நீளமாக, இரண்டு பக்கமும் சாய்வாக. நான் கீறும் விதம். கீழே எழுதியிருந்ததை நான் படிக்கத் தேவையே இல்லை.

"இந்தப் பை எங்கம்மா வாங்கின?"

"கூட்ரோட்லக்கா. அரைநிலா. தெரியாதா உங்களுக்கு? பொங்கலு முடிஞ்சி தொறந்தாங்க. எங்க ஹாஸ்டல்ல எல்லாருமே அங்கதான் வாங்குவோம். பிரான்ஸ் அயிட்டம்க்கா."

கூட்ரோட்டில் இறங்கினேன். இனியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடை நான் நினைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பொன்னிற வரிசைகள், முன்னால் சீருடைப் பெண்களின் கூட்டம். பெட்டிக்குப் பின்னால் அமலி. உள்ளே பெரிய சூளையின் முன் தலையில் துணி கட்டிக்கொண்டு கவிதா.

அமலி என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நான் பார்த்தேன். அப்புறம்தான் மற்றது வந்தது.

"ஆட்டோலயா வந்த?" என்றாள்.

வேறு என்ன கேட்பாள், பாவம். அவளே பெட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என்னை ஓரமாக அழைத்துப்போனாள்.

"கம்பெனில நிறுத்திட்டாங்கடி. கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சின்னுட்டாங்க. இந்த வயசுல இனிமே எந்த லைன்ல சேப்பான்? கவிதாதான் சொன்னா, நாம போட்டுக்கலாம்க்கான்னு."

"போட்டுக்கோ. யாரு வேணாம்னா?"

"நீ வருசா வருசம் அடுத்த வருசம்னு சொல்லிக்கினே இருந்த..."

"சரி. நான் வர மாட்டேன்னே வெச்சிக்கோ. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா அமலி? அந்தப் பேர வெக்கும்போதாவது சொல்லக் கூடாதா? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் இந்தக் கடைய மூடிட்டு வூட்டுக்குப் போயி, அந்தச் சின்ன அடுப்பு முன்னாடி நின்னுக்கினு எனக்கு நாடகம் ஆடியிருக்க."

அவள் வாடிக்கையாளர்களைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லியிருந்தா நீ சொல்லித் தர்றத நிறுத்தியிருப்ப."

லைனில் முகமூடிக்குள் பேசின அதே குரல். கண் அசையவில்லை.

கடை திறந்ததை நான் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு வருடம் என் பக்கத்தில் நின்றவள் என்னை அப்படிப்பட்டவள் என்று எடைபோட்டு வைத்திருந்தாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கவிதா ஓடிவந்து ஒரு தட்டில் சுடச்சுட இரண்டு அரைநிலா வைத்து நீட்டினாள். "சாப்டுங்க அண்ணி." நான் கை நீட்டவில்லை. இனியா எடுத்துக் கடித்தாள். ஆப்பிளுக்குப் பதில் அன்னாசி. ஏலக்காய் மணம் எனக்கே வந்தது. மென்றுகொண்டே பிரெஞ்சில் சொன்னாள்: "அம்மா, இது நீ செய்யறதைவிட ரொம்ப நல்லா இருக்கு."

"இன்னா சொல்லுது பாப்பா?" என்று ஆவலாகக் கேட்டாள் அமலி.

"நல்லா இருக்குதாம்" என்றேன். மீதியை மொழிபெயர்க்கவில்லை.

6

வீட்டில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தொறக்கற அன்னிக்கி நாந்தான் வெளக்கு ஏத்தினேன்" என்றாள். மறைக்கிற வேலை முடிந்தது என்ற நிம்மதி அவள் குரலில் இருந்தது. "உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல. உனக்கு அந்த ஊர்ல இல்லாதது இன்னா கீது? இவளுங்களுக்கு இது ஒண்ணுதான்."

"நான் திரும்பி வரேன்னு சொல்லிக்கினே இருந்தேனேம்மா."

"சொன்ன. யாரு நம்பினா? அந்தப் பொண்ணு இங்க வந்து எந்த இஸ்கூல்ல படிக்கும்? உம் புருசன் எந்தக் கம்பெனிக்குப் போவாரு?"

"அப்போ ஏன் வா வான்னு சொன்னீங்க?"

அம்மா பூண்டுத் தோலை ஊதினாள். "வேற இன்னா சொல்றது, வராதன்னா சொல்ல முடியும்?"

விருந்தாளியிடம் சொல்வது போல எனக்குச் சொல்லிவந்திருக்கிறார்கள். வாசலில் செருப்பு மாட்டுகிறவரிடம், இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே என்று சொல்வோமே, அது. நான் மட்டும் அதைக் காதில் வாங்கி, அதன்மேல் என் ஞாயிற்றுக்கிழமைகளை அடுக்கிவைத்திருக்கிறேன்.

மீதி விடுமுறையை எல்லோரும் என்னோடு மிக மரியாதையாகப் பேசிக் கழித்தார்கள்.

திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளை நான் எடுக்கவில்லை. சில வாரத்தில் அவை நின்றன. மாவு வாங்குவதும் நின்றது. தை மாதம் வந்தபோது அந்த வட்டப் பணியாரத்தை இந்த முறை கடையில் வாங்கினோம். யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

7

ஞாயிறு வந்தது. எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். சேகர் துணி மடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தபோது இனியாதான் ஓடிவந்து எடுத்து, என் கையில் திணித்தாள். நான் வீட்டில் போடும் பழைய ஸ்வெட்டரில் இருந்தேன்.

திரையில் பலூன், ஃபிளெக்ஸ், பெண்கள் கூட்டம். என் தம்பி, அம்மா, புதுப் புடவையில். கவிதா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "இவங்கதான் எங்க பிரான்ஸ் அண்ணி! இவங்க கைப்பக்குவம்தான் இதெல்லாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அமலி ஓரமாக நின்றிருந்தாள். தட்டவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். வாய் ஓரத்தில் மொறுமொறுத் தூள் ஒட்டியிருந்தது. "அக்கா, நெசமாவே சொல்லுங்க. உங்கூர்ல சாப்பிடற மாதிரியேவா இருக்குது இது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் அது போதும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நான் இன்னும் சாப்பிட்டதில்ல."

கவிதாவின் சிரிப்பு அப்படியே நின்றது. போன் சாய்ந்து, கொஞ்ச நேரம் கடையின் மேல்கூரையும் ஒரு விசிறியும் தெரிந்தன. யாரோ பாட்டுப் போட்டார்கள். இணைப்பு போய்விட்டது.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள் இனியா. தமிழில் கேட்டாள். உண்மையைத்தான் சொன்னேன் என்றேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அமலி தனியாக அழைத்தாள். கடையின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடம். முன்தானையில் மாவு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னைத் திட்டியாவது தொலையேன்டி" என்றாள்.

"திட்டினா உனக்கு ஆறிடும் அமலி. அதான் திட்டல."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. அவள் பின்னால் வரிசையின் சத்தம் கேட்டது. யாரோ "அக்கா, பார்சல்!" என்று கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள்.

"ஆளு நிக்கறாங்கடி" என்றாள் அமலி.

"போ" என்றேன்.